பெடலுக்கும் ஃபோர்க்குக்கும் இடையே: திரவக் கிளட்சின் பழுதறிதல் வரலாறு

பழைய பிக்கப் வண்டி ஒன்று கியர் விழ மறுக்கிறது என்று பட்டறைக்கு வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஒருவரை இருக்கையில் அமர்த்திக் கிளட்ச் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, தான் வண்டிக்கு அடியில் சென்று படுத்துக்கொள்கிறார். கியர்பாக்ஸின் ஓரத்தில் பொருத்தப்பட்ட சிறு சிலிண்டரிலிருந்து நீளும் தண்டு, ஃபோர்க்கை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பார்க்கிறார். தண்டு தன் முழுத் தூரத்தையும் நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் குற்றம் உள்ளே இருக்கிறது: தட்டு வளைந்திருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், ஃபோர்க் விரிசல் விட்டிருக்கலாம். தண்டு பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டால் குற்றம் திரவத்தின் பாதையில் இருக்கிறது. முதல் வகைப் பழுதுக்குக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இரண்டாம் வகைக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் சில இரப்பர்த் துண்டுகளே போதுமானவையாக இருக்கலாம். வாடகைக்கு ஓடும் வண்டியின் சொந்தக்காரருக்கு இந்த வேறுபாடு இரண்டு நாள் வருமானம்.

வாகன வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவும் நிறுவனங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. ஒரு பொருள் பழுதடைந்தபோது அதைப் பார்த்தவர் எதை வைத்து எதை முடிவு செய்தார் என்ற கேள்வி அந்த எழுத்துகளில் அரிதாகவே எழுகிறது. திரவக் கிளட்ச் அந்தக் கேள்விக்கு நல்ல களம். கம்பியும் நெம்புகோலும் கொண்ட பழைய அமைப்பில் கண்ணுக்குத் தெரிந்த பெரும்பாலான குறிகளை அது மறைத்தது. அதற்கு ஈடாகப் புதிய குறிகள் சிலவற்றைத் தந்தது. அந்தப் புதிய குறிகளைப் படிக்கும் கல்வி நூல்களில் பிறந்ததைவிட வண்டிகளுக்கு அடியில் பிறந்ததே மிகுதி.

திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் கருத்து பழையது. மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் ஆய்வுரை அவர் இறந்தபின் 1663இல் வெளிவந்தது. அதை வேலை செய்யும் எந்திரமாக்கியவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. திரவ அழுத்தப் பொறிக்கு 1795இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருக்கு நின்ற இடர் கோட்பாட்டைச் சார்ந்ததன்று, கசிவைச் சார்ந்தது. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் நீர் பீறிட்டது. இதற்கான தீர்வு அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. கிண்ணம்போல் மடிந்த தோல் வளையம் ஒன்று. அதன் விளிம்பை நீரின் அழுத்தமே சுவரோடு அணைக்கிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது, அழுத்தம் நீங்கியதும் தளர்கிறது.

இந்தத் தோல் கிண்ணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பட்டறைகளில் ‘பக்கெட்’ என்று வழங்கும் இரப்பர்க் கிண்ணம் இதன் நேர் வாரிசு. கிளட்ச் பழுதுகளில் மிகவும் குழப்பந்தருவதாகக் கருதப்படும் ஒன்றுக்கு விளக்கமும் இதனுள்ளேயே இருக்கிறது. பெடலை வேகமாக மிதித்தால் கியர் ஒழுங்காக விழுகிறது. சிக்னலில் பெடலை மிதித்தபடி காத்திருந்தால், அரை நிமிடத்தில் வண்டி தானாக முன்னே ஊரத் தொடங்குகிறது. தரையில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை; கிண்ணியில் திரவத்தின் அளவும் குறையவில்லை. காரணம், மேலுள்ள சிலிண்டரின் பக்கெட் விளிம்பு தேய்ந்திருக்கிறது. வேகமாக மிதிக்கும்போது சட்டென்று எழும் அழுத்தம் விளிம்பைச் சுவரோடு அறைந்து நிறுத்துகிறது. மெதுவாக மிதிக்கும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. திரவம் விளிம்பைத் தாண்டிப் பின்புறம் நழுவுகிறது. வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே நழுவுவதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ‘அவசரமாக மிதித்தால் பிடிக்கும், ஆற அமர மிதித்தால் விடும்’ என்று ஓட்டுநர் சொல்வது பல சமயம் அலட்சியமாகக் கேட்கப்படுகிறது. பழுதின் பெயரையே அவர் சொல்லிவிட்டார் என்பதே உண்மை.

மோட்டார் வண்டிக்குள் இந்தக் கிண்ணம் பிரேக் வழியாக நுழைந்தது. மால்கம் லௌஹெட், பின்னாளில் லாக்ஹீட் என்று எழுத்து மாற்றிக்கொண்டவர், திரவ பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இன் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதை ஏற்றது. 1924இல் கிரைஸ்லர் தன் முதல் காருக்கு இதைத் தேர்ந்தபோது, அந்நிறுவனப் பொறியாளர்கள் கசிந்துகொண்டிருந்த தோல் அடைப்புகளை நீக்கி இரப்பர்க் கிண்ணங்களை வைத்தனர். ஃபோர்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு வண்டிகள் வரை கம்பியையும் தண்டையுமே நம்பியிருந்தது. கம்பியைக் கண்ணால் பார்க்கலாம், திரவத்தைப் பார்க்க முடியாது என்ற பழைய அச்சத்தை இன்று எளிதில் எள்ளிவிடலாம். பழுதறிபவரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

இரப்பர் வந்ததும் திரவத்தின் வேதியியல் ஒரு பெரும் பொருளாகிவிட்டது. தொடக்கக் காலப் பிரேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. ஆமணக்கெண்ணெய் இயற்கை இரப்பரைக் கெடுப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்களோ அதை ஊதி உப்பவைத்துவிடும். ஆகவே அந்நாளில் அதை ‘எண்ணெய்’ என்று அழைத்தவர் தவறு செய்யவில்லை. பின்னர்க் கிளைக்கால் சார்ந்த திரவங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று டாட் 3, டாட் 4 என்ற தரக் குறிகளோடு விற்பவை இவையே. வேதியியல் நோக்கில் இவை எண்ணெயல்ல, நீரோடு கலப்பவை. பொருள் மாறிய பின்னும் சொல் மாறவில்லை. இந்தியாவெங்கும் கடையில் கேட்பது ‘பிரேக் ஆயில்’ என்றே. கிளட்சுக்கும் அதே புட்டிதான்.

சொல் பொருளைவிட நீண்ட ஆயுள் பெறுவது மொழியில் அன்றாட நிகழ்வு, பெரும்பாலும் தீங்கற்றது. இங்கே தீங்கு உண்டு. ‘ஆயில் குறைந்திருக்கிறது’ என்று கேட்டவர், கையிலிருந்த எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் திரவத்தையோ கிண்ணியில் ஊற்றிவிடுவதுண்டு. ஆயில் என்றால் ஆயில்தானே. சில நாள்களில் பக்கெட் உப்புகிறது. உப்பிய பக்கெட் சிலிண்டருக்குள் முழுவதும் பின்வாங்காமல், கிண்ணிக்குத் திரவம் திரும்பும் நுண்துளையை மூடியபடி நிற்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் குழாயில் அழுத்தம் தங்குகிறது. கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. பார்ப்பவர் தட்டு தேய்ந்துவிட்டது என்கிறார். கியர்பாக்ஸ் இறங்குகிறது, புதிய தட்டு ஏறுகிறது, பழுது அப்படியே இருக்கிறது.

இந்த நிலைக்கு ஒரு சோதனை உண்டு. அது அரை நிமிடத்தில் முடிவது. கிளட்ச் நழுவும் நிலையில் வண்டியை நிறுத்தி, கீழுள்ள சிலிண்டரின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும். பெடலை யாரும் தொடாதபோதும் திரவம் விசையோடு பீறிட்டு, அதன்பின் கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தால், தேய்ந்தது தட்டன்று, அடைபட்டது துளை. பக்கெட் உப்பியிருக்கிறதா, அல்லது பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு தளர்ச்சி இல்லாமல் போயிற்றா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேல்மூடியின் அடிப்புறமுள்ள இரப்பர் சுருண்டு பெருத்துக் கிடந்தால் ஊற்றியது தவறான எண்ணெய் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆமணக்கெண்ணெயை உலகிலேயே மிகுதியாக உற்பத்தி செய்யும் நாட்டில், அந்த எண்ணெயின் நினைவைத் தாங்கிய ஒரு சொல் இவ்வாறு இரப்பரை அழித்துக்கொண்டிருப்பது வரலாற்றின் சிறு குறும்பு.

கிளட்சுக்குத் திரவம் ஏன் தேவைப்பட்டது? எஞ்சின் இரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்து ஆடுகிறது. பெடலோ வண்டியின் கூட்டோடு இணைந்திருக்கிறது. ஆடும் ஒன்றையும் ஆடாத ஒன்றையும் தண்டுகளால் இணைத்தால் மூட்டுகள் தேயும், இறுகும், கிளட்ச் துள்ளும். வளையும் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலேயே அமரும் சிறு லாரிகளில் தண்டுகளுக்கு நேர்வழியும் கிடையாது. அமெரிக்கப் பிக்கப்புகள் 1980களில் பெருமளவில் இதற்கு மாறின. இந்தியாவில் மஹிந்திரா 1947 முதல் பொருத்தி வந்த வில்லிஸ் ஜீப்பின் வழியாகப் பட்டறைகள் கற்றது தண்டும் நெம்புகோலும் கொண்ட கிளட்ச். 1980களின் நடுவில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என ஜப்பானியக் கூட்டில் இலகுரக லாரிகள் வந்தன. டாட்டா 1986இல் 407ஐயும் 1988இல் டாட்டா மொபைல் பிக்கப்பையும் இறக்கியது. இந்தத் தலைமுறை வண்டிகளோடுதான் திரவக் கிளட்ச் நெடுஞ்சாலைப் பட்டறைகளின் அன்றாடப் பொருளானது. பிரேக் சிலிண்டர்களில் பழகிய கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸும் இணைந்து சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களின் பொருள்களால் அந்தப் பழக்கம் உருவாகியிருந்தது.

ஆனால் பிரேக்கின் அறிவை அப்படியே கிளட்சுக்குப் பெயர்த்தது ஒரு பிழைக்கும் வழிவகுத்தது. பிரேக் தேயத்தேயக் கிண்ணியில் திரவம் குறையும். பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து அந்த இடத்தைத் திரவம் நிரப்புவதால் அது இயல்பு. கிளட்சில் நடப்பது தலைகீழ். தட்டு தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் பின்னோக்கி எழுந்து, ஃபோர்க்கின் வழியே கீழ்ச் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளுகின்றன; திரவம் கிண்ணிக்கு ஏறுகிறது. ஆகவே கிளட்ச் கிண்ணியில் அளவு குறைந்தால் அதற்குத் தேய்மானம் என்று பெயர் சொல்ல இயலாது, எங்கோ கசிகிறது. அதைப் பிரேக்கைப்போல் நினைத்து மாதம் ஒருமுறை ஊற்றி நிரப்புவது, காய்ச்சலைப் பார்க்காமல் நெற்றியைத் துடைப்பதற்கு ஒப்பு. கசியும் இடங்கள் அதிகமில்லை. கீழ்ச் சிலிண்டரின் தூசி உறையை விரலால் உரித்துப் பார்த்தால் ஈரம் தெரியும். பெடலுக்கு மேலே, ஃபயர்வாலின் உட்புறம், தரைவிரிப்பின் அடியில் பெயிண்ட் உரிந்திருந்தால் மேல் சிலிண்டர் பின்வழியாகக் கசிகிறது. கிளைக்கால் திரவம் பெயிண்டைத் தின்னும் என்பதால் அந்த உரிந்த தடம் நல்ல சாட்சி.

காற்றின் கணக்கும் சொல்லத்தக்கது. கீழ்ச் சிலிண்டரின் விட்டம் 3/4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 2.85 சதுர சென்டிமீட்டர். குழாயில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று சிக்கியிருந்து, மிதித்ததும் அது அமுங்கி ஒன்றுமில்லாமல் போனால், தண்டின் ஓட்டத்தில் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் தொலைந்துபோகிறது. தண்டின் மொத்த ஓட்டமே அரை அங்குலத்தை ஒட்டியது என்கையில் இது கால் பங்குக்கு மேல். இரண்டு மூன்று முறை பெடலை விரைந்து அடித்தால் கியர் விழுகிறது, சற்று விட்டால் மீண்டும் விழ மறுக்கிறது என்ற குறி காற்றையே சுட்டுகிறது. காலையில் நன்றாக இருந்து, மலையேற்றத்தில் புகைக்குழாயின் வெப்பம் பட்டதும் பெடல் மெத்தென்று ஆகி, ஆறியபின் சரியாகிவிடுவது வேறு கதை. அங்கே குழாயில் இருப்பது காற்றன்று, ஆவி. கிளைக்கால் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 3 திரவத்தின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட கீழ்வரம்பு புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அது 140ஆக இறங்கிவிடுகிறது. இருபது வயது வண்டியின் கிண்ணியில் தேநீர் நிறத்தில் கிடப்பது எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒரு செய்தி. மேலுள்ளது மாஸ்டர், கீழுள்ளது ஸ்லேவ், அதாவது ஆண்டானும் அடிமையும். இந்த உருவகம் பண்டைக் காலந்தொட்டுத் தொழில்நுட்பத்தில் இருந்துவருவது என்றே பலர் எண்ணுவர். ரான் எக்லாஷ் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், தொழில்நுட்ப எழுத்தில் இதன் முந்தைய வழக்காகக் காட்டுவது 1904: கேப்டவுன் வானியல் ஆய்வகத்தில் டேவிட் கில் அமைத்த கடிகாரங்கள், ஒன்று ஆள, மற்றொன்று பின்பற்ற. கேப்பில் அடிமைமுறை ஒழிந்து அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. டச்சுக்காரர் அங்கே கொண்டுசென்ற அடிமைகளில் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிடிபட்டவர்கள் இருந்தனர் என்பதைச் சேர்த்து நினைக்கும்போது, இந்தச் சொல் இந்தியப் பட்டறைகளில் எந்த உறுத்தலும் இன்றிப் புழங்குவது வேறொரு ஒளியில் தெரிகிறது. சொல் இன்றியமையாததும் அன்று. டொயோட்டாவின் பழுதுநீக்கு நூல்கள் அதை ‘ரிலீஸ் சிலிண்டர்’ என்கின்றன. நிசானுடையவை ‘ஆப்பரேட்டிங் சிலிண்டர்’ என்கின்றன. நம் பக்கத்தில் இடத்தைச் சுட்டி மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று சொல்வோரும் உண்டு. பழுதறிபவருக்கு இவற்றுள் மிகவும் பயன்படுவது கடைசியாகச் சொன்னதே: காற்று மேலே ஏறும், திரவம் கீழே இறங்கும் என்ற இயற்பியல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட சோதனைக்கு வருவோம். 1980களில் சில உற்பத்தியாளர்கள் கீழ்ச் சிலிண்டரை வெளியிலிருந்து எடுத்துக் கியர்பாக்ஸின் மணிக்கூட்டுக்குள், உள்ளீட்டுத் தண்டைச் சுற்றி வளையமாக அமைத்தனர். ஃபோர்க் இல்லை, வெளித்தண்டு இல்லை, தேயும் மூட்டுகள் குறைவு. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் இவ்வழியில் சென்றது. ஜீப்பின் செரோக்கியும் 1987 முதல் அவ்வாறே. பொறியியல் நோக்கில் அழகான தீர்வு. பழுதறிபவரின் நோக்கில் அது கதவை அடைத்தது. இனி அடியில் படுத்துப் பார்க்க எதுவும் இல்லை. தண்டின் ஓட்டத்தை அளக்க முடியாது. தூசி உறையை உரிக்க முடியாது. மணிக்கூட்டின் அடியில் சொட்டும் ஈரம் ஒன்றே வெளிக்குறி. அதுவும் எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, கிளட்ச் திரவமா என்று விரலில் தேய்த்து முகர்ந்து அறிய வேண்டியது. கிளைக்கால் திரவம் நீரில் கழுவினால் போய்விடும், மற்ற இரண்டும் பிசுபிசுத்து நிற்கும்.

பார்வை போன இடத்தில் தொடுகை வந்தது. மேல் சிலிண்டரிலிருந்து கீழே செல்லும் குழாயைக் கழற்றி, அந்த வாயை இறுக அடைத்துவிட்டு, பெடலை மிதிப்பது. பெடல் கல்லைப்போல் நின்றால் மேல் சிலிண்டர் நலம், பழுது அதற்குக் கீழே. மிதித்த கால் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மேல் சிலிண்டரின் பக்கெட்டே குற்றவாளி. கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை. பழைய சோதனை பழுதைக் கிளட்சுக்கும் திரவத்துக்கும் இடையே பிளந்தது. புதியது திரவத்துக்குள்ளேயே மேலுக்கும் கீழுக்கும் இடையே பிளக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகா: புதிய சோதனை கீழ்ப் பாதியைச் சுட்டினாலும், அங்கே சிலிண்டர் கெட்டதா தட்டு கெட்டதா என்பது கியர்பாக்ஸ் இறங்கிய பின்னரே தெரியும். ஜீப் 1994ஆம் ஆண்டு வண்டிகளில் சிலிண்டரை மீண்டும் வெளியே கொண்டுவந்தது.

அவ்வாறு வெளியே வந்த சிலிண்டரும் முழு விடுதலை பெறவில்லை. மேல் சிலிண்டர், குழாய், கீழ்ச் சிலிண்டர் மூன்றும் தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி ஒன்றாக முத்திரையிட்ட தொகுதியாக வந்தன. பழுதானால் தொகுதியையே மாற்ற வேண்டும் என்றது நூல். இதில் பழுதறிதல் என்ற செயலே தேவையற்றதாகிறது: எது கெட்டாலும் விடை ஒன்றே. உழைப்புக்கூலி மிகுந்த நாட்டில் அது சிக்கனம். பக்கெட் கிட் தனியாகக் கடையில் கிடைக்கும் நாட்டில், சிலிண்டரைப் பிரித்து, சுவரில் நகத்தை ஓட்டிக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, குழி இல்லையெனில் இரப்பரை மட்டும் மாற்றுவதே சிக்கனம். குழி விழுந்த சுவரில் புதிய பக்கெட் சில வாரங்களே தாங்கும் என்பதால், நகத்தை ஓட்டும் அந்தக் கணமே இந்த முறையின் உயிர். அதைத் தாண்டிச் செல்லும் பட்டறைகளால்தான் ‘கிட் போட்டால் நிற்காது’ என்ற பெயர் பரவியது.

எல்லாச் சோதனையும் முடிந்து, புதிய மேல் சிலிண்டர், புதிய கீழ்ச் சிலிண்டர், புதிய குழாய், காற்றும் நீக்கியாயிற்று, ஆயினும் தண்டு பாதியில் நிற்கும் வண்டிகளும் உண்டு. 1980களின் நடுப்பகுதிக்கும் 1996க்கும் இடைப்பட்ட ஃபோர்டு எஃப் வரிசைப் பிக்கப்புகளின் உரிமையாளர்கள் இதை நன்கறிவர். அங்கே ஒருவர் மிதிக்க, மற்றவர் அடியில் படுக்காமல் பானெட்டைத் திறந்து மேல் சிலிண்டர் பொருத்தப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது சிலிண்டரோடு சேர்ந்து ஃபயர்வாலின் தகடும் முன்னே வளைவது தெரியும். பல ஆண்டு மிதியில் தகடு களைத்து, துளையைச் சுற்றி விரிசல் விட்டிருக்கும். பெடல் தண்டின் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். காலின் உழைப்பில் ஒரு பகுதி திரவத்தைச் சேராமல் தகட்டை வளைப்பதிலேயே செலவாகிறது. அதற்கு மருந்து திரவத்தில் இல்லை. விரிசலைப் பற்றவைத்து, பின்புறம் ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து முடுக்குவதுதான்.